வரைபடமும் அதன் காவலும்
(கண்டிப் பகுதியின் பொறியியல் வரலாற்றை ஒட்டிய ஆய்வு)

கண்டி மாநகருக்குத் தென்மேற்கே, பிலிமத்தலாவையை அடுத்த குன்றுகளிடையே, கடலாதெனிய, இலங்காதிலகம், எம்பெக்கை என்னும் மூன்று பழந் திருப்பதிகள் ஒன்றற்கொன்று அணித்தாய் விளங்குகின்றன. இவற்றுள் முன்னைய இரண்டும் நாலாம் புவனேகபாகுவின் காலத்தில், கி.பி. 1344ஆம் ஆண்டளவில் எழுந்தவை. கடலாதெனிய விகாரையை அமைத்தவர் கணேசுவராசாரி என்னுந் தென்னிந்தியச் சிற்பியாவர் என்பது சாசன வாயிலாக அறியப்படுகின்றது. இலங்காதிலகத்துப் பாறையிலே சிங்களத்தோடு தமிழும் பொறிக்கப்பட்டுள்ளது. எம்பெக்கையோ கதிர்காமக் கடவுளுக்குரிய தேவாலயம். நம்மிற் பலர் வழிபாட்டின் பொருட்டாகவோ கல்விச் சுற்றுலாவின் பொருட்டாகவோ இவற்றைக் கண்டிருப்போம். கண்டோர் அனைவரும் கல்லையும் மரத்தையும் வியந்தனரேயன்றி, "இவற்றைக் கட்டுதற்கு வரைந்த படம் எங்கே?" என்று வினவியவர் அரியர். இவ்வினா நகைப்புக்கிடமானதெனச் சிலர் கருதலாம். ஆயினும், ஒரு பொருளைக் கருதுபவர், அதனைச் செய்பவர், பின்னர் அதனைப் பேணுபவர் ஆகிய மூவரையும் இணைப்பது எது என்னும் ஆராய்ச்சிக்கு இதுவே தோற்றுவாயாகும். இன்று கணினியிற் பொறியியல் வரைவுகளைக் காக்கும் மென்பொருள்கள் பெருகியுள்ளன. அவை ஏன் தோன்றின என்பதை அறிய விரும்புவோர் கணினியிலிருந்து தொடங்குதல் போதாது. சிற்பியின் உளியிலிருந்தே தொடங்குதல் வேண்டும்.

கண்டிச் சிற்பிகளின் தொழின்முறையைப் பற்றி விரிவாக எழுதியவர் கலாயோகி ஆனந்த குமாரசுவாமி. 1903ஆம் ஆண்டு முதல் இலங்கைக் கனிப்பொருளாய்வுப் பகுதியின் முதற் பணிப்பாளராகக் கடமையாற்றிய அப்பெரியார், பாறைகளைத் தேடி மலைநாட்டிற் சென்ற வழியிலே பரம்பரைக் கைவினைஞர்களைக் கண்டு பழகினார். அதன் பயனே 1908இல் அவர் வெளியிட்ட "மத்தியகாலச் சிங்களக் கலை" என்னும் பெருநூல். சாரிபுத்திரம், ரூபாவலிய என்னுஞ் சிற்ப நூல்கள் அக்கைவினைஞரிடையே வழங்கிவந்தமையை அவர் அதன்கண் எடுத்துக்காட்டுகின்றார். அந்நூல்கள் அடிக்கணக்கிற் கூறும் அளவைகளல்ல. முகத்தின் நீளத்தை ஓர் அலகாகக் கொண்டு உடலின் பிற உறுப்புக்களை அதன் மடங்காகக் கூறும் விகித முறையையே பெரிதும் போற்றுவன. தந்தை பாடஞ் சொல்ல, மைந்தன் மனனஞ் செய்தான். மனனஞ் செய்ததைக் கையாற் பயின்றான். எம்பெக்கையிலே இருபத்தாறு கைமரங்களை ஒரே மர ஆணியிற் கோத்து நிறுத்திய கூரை அமைப்பை இன்றுங் காணலாம். அதனை அமைத்த தச்சனுக்கு வரைபடம் வேண்டியிருந்திலது. மரம் சற்றுக் குறுகியிருப்பின் அவனே அறிவான், அவனே திருத்துவான், திருத்தியது அங்கேயே, அப்பொழுதே, பொருளிற் பதிந்துவிடும். கருதியவனும் செய்தவனும் ஒருவனேயாதலின், பழைய படத்தைப் பார்த்துப் பிழையாகச் செய்தான் என்னுங் குற்றம் ஆங்கு எழ வழியில்லை.

இதனாற் பழமையே சிறந்ததெனக் கொண்டாடுவார் கூட்டத்தில் யாம் சேர்ந்தோமில்லை. அம்முறையின் குறை அதன் நிறையோடு ஒட்டியே பிறந்தது. குடிவழி அறுந்தவிடத்து அறிவும் அறுந்தது. அந்த ஆணியைக் கோத்தவன் எவ்வொழுங்கிற் கைமரங்களை ஏற்றினான் என்பதை இன்று நாம் ஊகித்தறிய வேண்டியதேயன்றி, சொல்வார் ஒருவருமிலர்.

1815இற் கண்டியரசு ஆங்கிலேயர் கைப்பட்டது. அதன்பின் மலைநாட்டை அடக்கியாளும் பொருட்டு அவர்கள் முதற்கண் மேற்கொண்ட பெருவேலை கொழும்பு - கண்டி வீதியாகும். தேசாதிபதி பாண்சு காலத்தில் நடந்த அவ்வேலையில் ஈடுபட்டு 1829இல் மறைந்த கப்டன் டோசனின் ஞாபகார்த்தக் கோபுரம் கடுகண்ணாவையில் இன்றும் நிற்கின்றது. அவ்வீதி கண்டியை எட்டுமுன் பேராதனையில் மகாவலி கங்கை குறுக்கிட்டது. 1830களின் முற்பகுதியில் ஆங்கே எழுந்த பாலம் உலகத்தோர் கண்ணைக் கவர்ந்தது. ஆற்றினிடையே தூண் எதுவுமின்றி, 205 அடி அகலத்தை ஒரே வளைவாற் கடந்த அப்பாலம் முதிரை மரத்தால் ஆயது. இரும்பாணி ஒன்றேனும் அறையப்படாதது என்று அதனைப் புகழ்ந்துரைப்பது வழக்கு. அதனை வகுத்தவர் யோன் பிரேசர் என்னும் படைத்துறை அதிகாரி. பின்னாளில், 1862இல், இலங்கைத்தீவின் பெரும் படமொன்றை வெளியிட்டவரும் அவரே.

எம்பெக்கைக் கூரையும் பேராதனைப் பாலமும் இரண்டுமே மரவேலைதாம். இரண்டற்கும் இடையே இருப்பது நான்கைந்து கல் தூரமே. ஆயினும் தொழின்முறையில் இரண்டும் இருவேறு உலகங்களைச் சேர்ந்தவை. முதிரை வளர்வது கண்டியின் ஈரமலையிலன்று. வறண்ட நாட்டுக் காடுகளில். மரந் தறிப்போர் ஓரிடம், அறுப்போர் ஓரிடம், பொருத்துவோர் ஓரிடம், வகுத்தவர் வேறோரிடம். வளைவின் ஒவ்வொரு துண்டும் அடுத்த துண்டோடு முகம் பொருந்தாவிடின் பாலம் நில்லாது. ஆகவே வகுத்தவர் மனத்திலுள்ளதை, அவர் முகத்தையே காணாத தச்சன் ஒருவன் பிழையின்றி அறிதல் வேண்டும். அவ்வறிவைச் சுமந்து செல்லுந் தூதாக வரைபடம் இந்நாட்டில் அதிகாரம் பெற்றது இங்ஙனமே. அது முதற்கொண்டு வரைபடம் வெறுஞ் சித்திரமன்று, கட்டளையாகும். கட்டளை மாறினால் மாறிய கட்டளை எல்லாரையும் எட்டவேண்டுமென்பதும் அன்றே தொடங்கிய கவலையாகும். 1905ஆம் ஆண்டில் அம்மரப்பாலம் கழற்றப்பட்டது. இன்று அப்பக்கத்தாற் செல்லும் பேருந்திலிருந்து நோக்குவார்க்கு அதன் சுவடுந் தோன்றுவதில்லை. பொருள் அழிந்தபின் எஞ்சுவன படமும் குறிப்புமே.

இக்கவலை பாலத்தோடு நின்றதன்று. 1854ஆம் ஆண்டிற் கண்டிப் போகம்பறையில் யோன் வாக்கர் என்பவர் இயந்திரத் தொழிற்சாலை ஒன்றை நிறுவினார். அக்காலத்து மலைநாடு கோப்பி நாடாகும். பழத்தின் தோலை நீக்கும் இயந்திரம் தோட்டந்தோறும் வேண்டியிருந்தது. உருளையோ பற்சில்லோ தேய்ந்தவிடத்து, மலைமேலுள்ள தோட்டத்துரை கடிதம் எழுதி வேறு உறுப்பு வரவழைக்க வேண்டும். ஈண்டு ஓர் நுட்பத்தை நோக்குக. இயந்திரஞ் செய்வோர் ஆண்டுதோறும் தம் அமைப்பைத் திருத்துவது இயல்பு. முதலாண்டு விற்ற இயந்திரத்தின் அச்சுக்கும் ஐந்தாமாண்டு விற்ற இயந்திரத்தின் அச்சுக்கும் பெயர் ஒன்றாயிருக்கலாம், தடிப்பு ஒன்றாயிராது. "அச்சு ஒன்று அனுப்புக" என்று எழுதிய கடிதத்துக்குப் புதிய அச்சை அனுப்பினால் அது பொருந்தாது. மாட்டுவண்டியில் மலையேறிய உறுப்பு மாட்டுவண்டியிலேயே மலையிறங்கும். இன்ன இலக்க இயந்திரத்துக்கு இன்ன திருத்தத்தின்படி வரைந்த உறுப்பே உரியது என்று பதிவு வைத்திருப்பவனே இவ்வியாபாரத்தை நடத்தவல்லவன். இதற்கு மாறாக, உலூல்கந்துரைத் தோட்டத்தில் 1867இல் தேயிலை பயிரிட்ட சேமிசு டெயிலர் தம் கொழுந்துருட்டும் இயந்திரத்தைத் தாமே அமைத்துக்கொண்டார். அவரே கருதியவர், அவரே செய்வித்தவர், அவரே பயன்படுத்தியவர். எம்பெக்கைத் தச்சனின் நிலையிலேயே அவர் நின்றார் எனலாம். ஆனால், ஒருவரது இயந்திரம் நூறு தோட்டங்களுக்குச் செல்லத் தொடங்கியபோது அந்நிலை நீடித்திருக்க முடியாது.

படத்தை வரையும் முறையும் படியெடுக்கும் முறையும் மேனாட்டில் வளர்ந்த வரலாறு தனியே ஒரு நூலுக்குரியது. பிரான்சிய அறிஞர் மொஞ்சு என்பவர் திண்பொருளைத் தாளிலே வழுவின்றிக் காட்டும் வடிவகணித முறையை வகுத்தபோது, படைத்துறை இரகசியமாக அது சிலகாலம் மறைத்துவைக்கப்பட்டது என்பதையும், நீராவிப் பொறிக்குப் புகழ்பெற்ற சேமிசு உவாட்டு 1780இற் கடிதம் படியெடுக்கும் அச்சுப்பொறி ஒன்றுக்கு உரிமை பெற்றார் என்பதையும் மட்டும் கூறி அமைவோம். நம் பொருளுக்கு மிக வேண்டியது 1842இல் வானநூலறிஞர் யோன் ஏர்சல் கண்டுபிடித்த நீலப்படி முறையாகும். ஒளி ஊடுருவுந் துணியில் மையால் வரைந்த மூலப்படத்தை, மருந்து பூசிய தாளின்மேல் விரித்து வெயிலிற் காட்டினால், நீல நிலத்தில் வெண்கோடாக அதன் படி தோன்றும். படவரைஞர் ஒருவர் நாட்கணக்கில் இருந்து படியெடுத்த காலம் போய், சில நிமிடத்திற் பத்துப் படிகள் பிறந்தன.

பயனோடு கேடும் பிறந்தது. மூலம் ஒன்று, படி பல. மூலத்தைத் திருத்தினால் வெளியே சென்ற படிகள் தாமாகத் திருந்துவதில்லை. கொல்லன் கையிலுள்ள படியும் கட்டுமானத்தலத்திலுள்ள படியும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஓரளவு மட்டும் வேறாயிருக்கும். இதனைத் தடுக்கவே வரைபடச் சாலைகள் கடுமையான ஓர் ஒழுக்கத்தை மேற்கொண்டன. ஒவ்வொரு படத்துக்கும் ஓர் இலக்கம். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஓர் எழுத்து. படத்தின் மூலையிலுள்ள கட்டத்திலே திருத்தியது யாது, எந்நாளில், வரைந்தவர் யார், சரிபார்த்தவர் யார், ஒப்பியவர் யார் என்னும் குறிப்பு. எவரெவர்க்குப் படி சென்றது என்று காட்டும் பேரேடு. புதுப்படி செல்லும்போது பழையபடியைத் திரும்பப் பெற்று நீக்கல் முத்திரை இடுதல். மூலப்படங்கள் இருந்த அலுமாரியின் திறப்பு ஒருவரிடமே இருக்கும். யாம் இளமையிற் சிலகாலம் பயிற்சி பெற்ற ஓரிடத்தில், திறப்பு வைத்திருந்த முதிய படவரைஞரை எல்லாரும் கடுகடுப்பானவர் என்று ஏசுவர். அவர் ஓய்வுபெற்றுச் சென்ற சில திங்களிலேயே, ஒரே இலக்கமுடைய இரு படங்கள் பட்டறைக்குச் சென்று, துளையிட்ட தகடுகள் அத்தனையும் கழிவிரும்பாயின. அவர் கடுகடுப்பின் பொருள் அன்றுதான் எமக்கு விளங்கிற்று.

தகடு கெட்டது பணநட்டத்தோடு போயிற்று. எல்லாவிடத்தும் அவ்வாறு போவதில்லை. கனடாவிலே கியூபெக்குப் பாலத்தை அமைத்தபோது நடு அகலம் 1,600 அடியினின்றும் 1,800 அடியாகக் கூட்டப்பட்டது. படம் மாறியது, ஆனால் பாலத்தின் தன்னெடையைக் குறித்த பழைய கணக்கு உரியவாறு திருத்தப்படவில்லை. 1907 ஆகத்து 29ஆம் நாள், கட்டிக்கொண்டிருக்கும்போதே அது சரிந்து 75 தொழிலாளர் மாண்டனர். 1981 யூலை 17ஆம் நாள் அமெரிக்காவிலே கன்சாசு நகர விடுதியொன்றில், கூரையினின்று தொங்கவிட்ட இரு நடைமேடைகள் வீழ்ந்து 114 பேர் உயிரிழந்தனர். மேலும் கீழுமாயிருந்த அவ்விரண்டையும் ஒரே நீண்ட கம்பி தாங்குமாறு முதற்படம் அமைந்திருந்தது. அதனைச் செய்தல் எளிதன்றென்று, கம்பியை இரண்டாகத் துணித்து, கீழ்மேடையை மேன்மேடையிலிருந்தே தொங்கவிடுமாறு பட்டறைப்படம் மாற்றப்பட்டது. அதனால் மேன்மேடையின் இணைப்பின்மேல் விழும் பாரம் இருமடங்காயிற்று. அம்மாற்றத்தைத் தாங்குமோ என்று கணக்கிட்டுப் பாராமலே படத்துக்கு ஒப்புதல் வழங்கப்பட்டது. இவ்விரு நிகழ்ச்சியிலும் கோடு வரையத் தெரியாதவர் எவருமிலர். மாறியது யாது, அம்மாற்றம் வேறெதனைத் தொடும், அதனை ஆராய்ந்து ஒப்பியவர் யார் என்னும் மூன்று வினாக்களுக்கு விடை நிற்கவேண்டிய இடத்திலே வெறுமை நின்றது.

இனிக் கணினிக் காலத்துக்கு வருவோம். 1963இல் அமெரிக்க மாணவரான ஐவன் சதலண்டு ஒளிப்பேனையாற் கணினித் திரையில் வரையும் வழியைக் காட்டினார். 1982இல் ஓட்டோகாட் வெளிவந்தபின் சிறிய அலுவலகங்களிலும் வரைபலகை மெல்ல மறையலாயிற்று. 1994இல் முதன்முறை பறந்த போயிங் 777 விமானம் முழுவதும் கணினியிலேயே வடிவமைக்கப்பட்டதாகும். படியெடுத்தலோ முன்னையினும் எளிதாயிற்று. வெயிலும் வேண்டா, மருந்தும் வேண்டா, ஒரு சொடுக்குப் போதும். நீலப்படியால் வந்த கேடு ஆயிரமடங்கு பெருகியது. "இறுதி", "இறுதி இரண்டு", "உண்மையான இறுதி" என்று கோப்புக்குப் பெயரிட்டு, அவற்றுள் எது இறுதியென்று தாமே அறியாது மயங்காத பொறியியல் மாணவர் நம்மிடை உளரோ! மேலும், முப்பரிமாண வரைவிலே ஒரு கோப்புத் தனித்து நிற்பதில்லை. திருகாணிக்கு ஒரு கோப்பு, தகட்டுக்கு ஒரு கோப்பு, இரண்டையுங் கோத்த தொகுப்புக்கு ஒரு கோப்பு, அத்தொகுப்பினின்று பிறந்த தாட்படத்துக்கு ஒரு கோப்பு என அவை ஒன்றையொன்று பற்றியே நிற்கும். ஒன்றன் பெயரை மாற்றினும் இடத்தை மாற்றினும் மற்றவை உறவறுந்து கிடக்கும்.

இந்நிலைக்கு மருந்தாக வந்ததே உற்பத்திப்பொருள் தரவு முகாமைத்துவ மென்பொருளாகும். சொலிட்வேர்க்ஸ் நிறுவனத்தாரது மென்பொருளும், டீம்செண்டர், விண்ட்சில் முதலியனவும் இவ்வகையின. பெயர் நீண்டதாயினும் பொருள் முன்னர்க் கூறிய அலுமாரியும் திறப்பும் பேரேடுமே. கோப்புகள் யாவும் பொதுக் காப்பகமொன்றில் வைக்கப்படும். ஒருவர் திருத்த விரும்பின் அதனைத் தம் பெயரிற் பதிந்து எடுத்தல் வேண்டும். எடுத்திருக்குங்கால் ஏனையோர் அதனைப் பார்க்கலாமேயன்றித் திருத்தவியலாது. திருப்பி வைக்கும்போது புதுப் பதிப்பொன்று தோன்றும்; பழைய பதிப்பு அழியாது அடியில் நிற்கும். பதிப்பென்பது வேறு, திருத்தமென்பது வேறு என்பதை மாணவர் ஈண்டு உற்றுணர்தல் நலம். வரைபவர் நாடோறும் செய்யும் சிறு மாற்றங்கள் பதிப்புக்கள். அவை அவரது மேசையோடு அமைவன. உரியவர் ஆராய்ந்து ஒப்பி, பட்டறைக்குச் செல்லலாமென வெளியிட்டதே திருத்தம். வெளியிடப்படாத எதனையும் பட்டறை காணாதவாறு மென்பொருள் மறைத்துவைக்கும். ஓர் உறுப்பைச் சுட்டி, "இது எவ்வெத் தொகுப்பில் உளது?" என்று வினவினால் அனைத்தையும் நிரைப்படுத்தித் தரும். கன்சாசிலும் கியூபெக்கிலும் கேட்கப்படாதிருந்த வினா அதுவே. மாற்றம் வேண்டுவோர் அதற்குரிய கட்டளைப் பத்திரத்தைக் கணினியிலேயே எழுப்ப, அது சரிபார்ப்போரிடமும் ஒப்புவோரிடமும் முறையே சென்று, இன்னார் இன்ன நேரத்தில் இசைந்தார் என்னுங் குறிப்போடு முடியும்.

ஆயினும் மென்பொருளை வாங்கிய மாத்திரையே ஒழுங்கு வந்துவிடாது. எயார்பசு நிறுவனத்தாரின் ஏ380 விமானம் இதற்குத் தக்க சான்றாகும். 500 கிலோமீற்றருக்கு மேற்பட்ட மின்கம்பி ஓடும் அவ்விமானத்தை வடிவமைத்தபோது, செருமனியிலுள்ள ஆம்பேக்கு நிலையத்தார் காத்தியா என்னும் வரைவு மென்பொருளின் நான்காம் பதிப்பையும், பிரான்சிலுள்ள துலூசு நிலையத்தார் ஐந்தாம் பதிப்பையும் கையாண்டனர். ஓரிடத்துச் செய்த மாற்றம் மற்றோரிடத்து வரைவில் ஒழுங்காகச் சென்று சேரவில்லை. ஆம்பேக்கிற் கட்டிய கம்பித்தொடைகளைத் துலூசிற் பொருத்தப் புக்கபோது அவை நீளம் போதாதனவாய் நின்றன. 2006இல் வெளிவந்த இச்செய்தியால் விமானம் ஏறத்தாழ இரண்டாண்டு பிந்தியது. நட்டமோ பல நூறுகோடி. செல்வமும் அறிவுந் திரண்ட நிறுவனத்தில் நேர்ந்தது இது. திறப்பை ஒருவரிடங் கொடுத்த பழைய வரைபடச் சாலை, எவரிடங் கொடுப்பது என்னும் வினாவை முதலிற் றீர்த்த பின்னரே அலுமாரி வாங்கியது. இன்றோ முதலில் அலுமாரி வாங்குகின்றோம்.

மீண்டுங் கண்டிக்கு வருவோம். நகரையடுத்த பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, 8 கிலோமீற்றர் சுரங்கவழியாக உக்குவளை மின்னிலையத்துக்கு நீரைத் திருப்பும் அணை 1976இல் இயங்கத் தொடங்கிற்று. அதன்கீழே, பழைய தெல்தெனிய நகரை நீருள் ஆழ்த்தி, பிரித்தானிய உதவியோடு கட்டிய விக்டோரியா அணை 1985இல் திறக்கப்பட்டது. இருபுறமும் வளைந்த அவ்வில்வடிவ அணை 122 மீற்றர் உயரமும் 520 மீற்றர் நீளமுமுடையது. 210 மெகாவாற்று மின்னைத் தருவது. இவ்விரண்டும் தாட்படக் காலத்தின் பிள்ளைகள். இத்தகைய வேலைகளில் வகுத்தபடியே யாவுங் கட்டப்படுவதில்லை. தோண்டியபின் பாறையின் தன்மை வேறாகத் தோன்ற, அத்தலத்திலேயே அளவுகள் மாறுவது இயல்பு. ஆகவே, கட்டி முடிந்தவாறே வரைந்த படமே பிற்காலத்தார்க்கு வேதமாகும். சுவரில் ஈரங் கசிந்தால் அவ்விடத்தின் உள்ளே குழாயோ, கருவியோ, பொருத்தோ, எது உளதென்று அதுவே கூறும். நூறாண்டு நிற்கவேண்டிய கல்லுக்கு நூறாண்டு வாசிக்கத்தக்க படம் வேண்டும்.

இங்கே ஓர் இடர்ப்பாடு உண்டு. தாட்படத்தைக் கணினிப் படமாக மாற்றிக் காப்பகத்தில் இடுதல் எளிது. அதனை நம் நாட்டு நிறுவனங்களும் செய்தல் வேண்டும். ஆனால் மூலையிலுள்ள திருத்த எழுத்தையும் ஒப்பமிட்டவரையும் தனித் தரவாகப் பதியாதவிடத்து, ஒரே இலக்கமுடைய மூன்று படங்கள் மூன்றும் சமமாகத் திரையில் தோன்றும். பழைய அலுமாரியினுங் கீழான நிலை அது. அன்றியும், துணியில் வரைந்த மையை நூற்றைம்பதாண்டின் பின்னும் கண்ணாற் படிக்கலாம். முப்பதாண்டுக்கு முன் எழுதிய கணினிக் கோப்பைப் படிக்க, அதனை எழுதிய மென்பொருளும் உடனிருத்தல் வேண்டும். அதுவோ விற்பனையினின்றும் நீங்கியிருக்கும். நெடுநாள் நிற்கவேண்டிய வரைவுகளை எவருக்குந் தனியுரிமையில்லாத பொதுவடிவிலும் ஒரு படி வைத்தல் இதுபற்றியே.

கொழும்பில் 1950இல் தொடங்கிய பொறியியற் பீடம் 1964இற் பேராதனைக்கு வந்தது. மகாவலிக் கரையில், முதிரைப் பாலம் நின்ற இடத்துக்கு நடந்து செல்லத்தக்க தூரத்தில் அது உளது. அங்கே பயில்வோர் இன்று பென்சிலைத் தீட்டுவதினும் மிகுதியாகச் சுட்டியை நகர்த்துகின்றனர். அவருட் சிலர் நாளை விக்டோரியாவின் படங்களைத் திறப்பர். திறக்கும் படத்தின் மூலையில் எந்த எழுத்து நிற்கின்றதென்று அவர் முதலிற் பார்ப்பாராயின், அணைக்குக் கீழே மகாவலிக் கரையில் உறங்கும் ஊரவர்க்கு அது தெரியாது, தெரியவேண்டியதுமில்லை.